வெளிச் சத்தம்: பூஜ்யம்

பவுனுவின் தலையில் ஜப்பான்காரனை மாட்டி, கச்சேரியைப் போட்டுவிட்டு சேஷு கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது மணி சரியாகப் பத்து. நோட்டில் குறித்துக்கொண்டார். முந்தின நாள் ஆபீசுக்கு லீவு போட்டு, இதே நாற்காலியில், இதே பவுனுவின் தலையில், ஜெர்மன்காரனை இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இன்றைக்கு இவனுக்கும் அதே இரண்டு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒருத்தனுக்கு ஒரு நீதி, இன்னொருத்தனுக்கு ஒரு நீதி என்பது சேஷுவின் ஜாதகத்திலேயே கிடையாது. ஆபீஸ் பேனாவால் வீட்டுக் கடிதம் எழுதாதவர் என்று கிட்வாய் நகர் முழுக்கப் பேர் வாங்கிய மனுஷர்.

ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் என்று அவர் செல்லமாகக் கூப்பிட்டது இரண்டு ஹெட்போன்களை. அக்கா பிள்ளை கிருஷ்ணபிரசாத் நியூஜெர்ஸியிலிருந்து பெண் பார்க்க வந்தவன், மாமாவின் சங்கீதப் பைத்தியம் தெரிந்து இரண்டையும் வாங்கி வந்திருந்தான். "ரெண்டையும் கேட்டுப் பாருங்கோ மாமா. பிடிச்சதை வெச்சுக்கோங்கோ. மத்ததை நான் திரும்பிப் போய் கடையில குடுத்துடறேன். முப்பது நாளுக்குள்ள குடுத்தா அங்க ஒரு கேள்வி கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் போனான். அவன் திரும்பி வருவது இன்றைக்கு, சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு. சாயங்காலமே ஃப்ளைட். அதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

சத்தத்தைப் பற்றிய தீர்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது. பத்து நாளாக ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாக, ஜலஜா கொண்டுவந்த காபி ஆறி ஏடு படிய, ஒரே கச்சேரியை இதில் ஒரு தடவை அதில் ஒரு தடவை என்று கேட்டிருந்தார். ஜெர்மன்காரனுக்குக் காதுக்கிண்ணம் முதுகுப்பக்கம் திறந்திருக்கும். அதனால் பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே மேடையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. தம்புராவின் நாலு தந்தியையும் தனித்தனியாக எண்ணலாம். மூன்றாவது வரிசையில் எவனோ இருமியதுகூடக் கேட்டது. ஆனால் வயலின் மேலே போனால் காதில் ஊசி. ஜப்பான்காரன் மூடின கிண்ணம். மிருதங்கத்தின் இடந்தலைத் தொப்பியில் அடி விழுந்தால் அடிவயிற்றில் விழுந்தது. குரலுக்கு ஒரு கனிவு. மேடைதான் கொஞ்சம் குறுகல். கூட்டிக் கழித்ததில் இரண்டும் நூற்றுக்கு எண்பத்தெட்டு. ஆகவே வசதியை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், எது அழுத்தாமல், வியர்க்காமல், மூன்று மணி நேரக் கச்சேரியைத் தாங்கும் என்று.

அங்கேதான் வினை. சேஷுவுக்குத் தடித்த ஃப்ரேம் போட்ட கண்ணாடி. எதை மாட்டினாலும் அரை மணியில் நெற்றிப்பொட்டு வலித்தது. வலிப்பது கண்ணாடியாலா ஹெட்போனாலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் தலைசுற்றல். ஜலஜாவைக் கேட்டதற்கு, "என் வைரத்தோடு அழுந்தறது. மூச்சு முட்டறது. ஆளை விடுங்கோ" என்று பத்தாவது நிமிஷமே கழற்றி வைத்துவிட்டாள். அப்புறம்தான் பாத்திரம் தேய்க்கிற பவுனு அவர் கண்ணில் பட்டாள். கண்ணாடி கிடையாது. தோடு கிடையாது, ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க ஒரு துடைப்பக்குச்சிதான். இவ்வளவு தோதான காது கிட்வாய் நகரில் வேறு இல்லை என்று சேஷு மனசாரச் சந்தோஷப்பட்டார். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பவுனுவுக்கு ஆத்தூர்ப் பக்கம். பிழைக்க வடக்கே வந்து, நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டின கேம்ப்பில் பதினாறு வருஷமாகக் குடிசை. புருஷன் போன பிறகு அவளும் ஒரு தகரப் பெட்டியும்தான். முந்தின நாள், இரண்டு மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார் என்று சொன்னதை முதலில் அவள் நம்பவில்லை. அந்த வீட்டில் ஏழு வருஷமாக வேலை செய்கிறாள், நாற்காலியைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தவளை, "நன்னா சாஞ்சுக்கோ, அப்பத்தான் டெஸ்ட் சரியா வரும்" என்று அவர் அதட்ட வேண்டியிருந்தது. ஆனால் தீர்ப்பை அவள் சொன்ன விதத்தில் சேஷு அசந்துபோனார்.

"செங்கல்லு தூக்கறப்ப சும்மாடு சரியா சுருட்டலீன்னா உச்சியில ஒரே எடத்துல குத்துமுங்க சார். இது அப்படிக் குத்துது. காதுக்கு மெத்துனு இருக்குது. உச்சிக்குத்தான் ஆவல."

பாரத்தைப் பற்றி ஒரு தலை சொன்ன அபிப்பிராயம். அமெரிக்காவில் ஹெட்போனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் எவனுக்கும் இது வராது என்று நினைத்து, வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்றைக்கு ஜலஜா மலை மந்திர் கோவிலுக்குப் போயிருந்தாள். மே மாத வெயில் ஜன்னல் சீலையைத் தாண்டி உள்ளே வந்தது. கூலர் சத்தம் போடும் என்று சேஷு அதை நிறுத்தியிருந்தார். நிறுத்தினால்தான் காது எவ்வளவு வியர்க்கிறது என்பதும் தெரியும். பவுனுவின் கழுத்தில் வியர்வை இறங்கி ரவிக்கையை நனைத்தது. நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினவளை, தொடாதே என்று ஜாடை காட்டினார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பதினொன்று இருபதுக்குக் கீழேயிருந்து கத்தல். சேஷு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். வீராயி. அடுத்த பிளாக்கில் வேலை செய்கிறவள், பவுனுவின் கேம்ப்தான். ஓடி வந்த இரைப்பில் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், பவுனு மேல இருக்குதுங்களா? கேம்ப்புல புல்டோசர் வந்திருச்சுங்க. வீட்ட இடிக்கறதுக்கு முன்னால ரேசன் கார்டு காட்டறவங்களுக்குத்தான் பேரு எழுதறாங்க. அவுங்களுக்குத்தான் வேற எடம் குடுப்பாங்களாம். அது வீடு பூட்டிக் கெடக்குது, சாவி அதுங்கிட்ட. ஜல்தி அனுப்புங்க சார், நான் எம்பொருள எடுக்கோணும்!"

"அச்சா அச்சா, அனுப்பறேன். நீ போ."

அவள் வந்த வழியே ஓடினாள். பிளாக் முழுக்க ஜன்னலில் தலைகள் தெரிந்தன. சேஷு உள்ளே திரும்பினார். பவுனு கண் மூடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு அசைவு இல்லை. இத்தனை கத்தலில் ஒரு எழுத்துகூட அவள் காதுக்குள் போகவில்லை. சேஷுவின் உடம்பு சிலிர்த்தது. நோட்டை எடுத்தார். '11.20. கீழே ஒரு பெண் உரக்கக் கத்துகிறாள். பவுனு அசையவில்லை. வெளிச் சத்தம்: பூஜ்யம்.' அடிக்கோடு போட்டார்.

அப்புறம்தான் வீராயி சொன்னது உறைத்தது. நெருடவில்லை என்று சொன்னால் பொய். பவுனுவின் முன்னால் போய் நின்று, கழற்றுவதற்குக் கையைக்கூடத் தூக்கினார். கழற்றினால் காது ஆறிவிடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு மணிக்குக் கிருஷ்ணபிரசாத் வந்து நிற்பான். இன்னும் நாற்பது நிமிஷம்தானே என்று நினைத்தார். சர்க்காரைப் பற்றி அவருக்கா தெரியாது? முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், செக்ஷன் ஆபீசர், ரிடையராக ஐந்து மாதம். அவர் செக்ஷனில் ஒரு ஃபேன் ரிப்பேருக்குப் பதினொரு மாதம் ஆகியிருக்கிறது. இடிக்க வந்தவன் முதலில் டீ குடிப்பான். போலீஸ் வேன் வரவில்லை என்பான். எந்த லிஸ்ட், யார் கையெழுத்து என்று இரண்டு பேர் சண்டை போடுவார்கள். லன்ச்சுக்குப் போவார்கள். மூன்று மணிக்கு முன்னால் ஒரு செங்கல் அசையாது. அடித்துச் சொல்வார்.

எதிரே ஆள் நிற்பது தெரிந்து பவுனு கண்ணைத் திறந்தாள். ஹெட்போன் மாட்டினவர்கள் கத்துகிற மாதிரியே கத்தினாள்.

"எடுத்தரலாமுங்களா சார்?"

சேஷு தூக்கின கையை விரித்து, உட்கார், உட்கார் என்று காட்டினார். அவள் சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நாற்பது நிமிஷமும் சேஷு உட்காரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பால்கனிக்குப் போனார், வந்தார். நடுவில் ஒரு தடவை அவள் முகத்தில் அவ்வளவு அமைதி இருப்பதைப் பார்த்து எரிச்சல்கூட வந்தது. பன்னிரண்டு அடித்ததும் கழற்றினார். காதைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. உச்சி குத்துகிறதா, தாடை வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தகவலை முதலில் சொன்னால் அவள் பதற்றத்தில் எதையாவது உளறுவாள் என்பது அவர் கணக்கு.

"இது நல்லா சுருட்டின சும்மாடுங்க சார். தலையில இருக்கறதே தெரியல. ஒலகமே இல்லாத மாதிரி இருந்துச்சு. தூக்கமே வந்திருச்சு" என்றாள் பவுனு. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சரி. வீராயி வந்துட்டுப் போனா. உங்க கேம்ப்ல ஏதோ வண்டி வந்திருக்காம். கார்டு காட்டணுமாம்."

துடைத்த கை நின்றது. "எப்பங்க சார்?"

"இப்பத்தான்."

முந்தானை முடிச்சில் சாவியைத் தடவிக்கொண்டே அவள் மாடிப்படி இறங்கின சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. ஒரு மணிக்குக் கிருஷ்ணபிரசாத் வந்தான். ஜெர்மன்காரனைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

பவுனு நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்ததும் ஜலஜா பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லாம நின்னுட்டா நான் என்னடி பண்றது? கை விட்டுப் போச்சு எனக்கு." பவுனு குவிந்திருந்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கூடத்து வாசற்படியில் வந்து நின்றாள். சேஷு ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது, அந்தச் சனிக்கிழமை பார்த்து சர்க்கார் நேரத்துக்கு வேலை செய்திருந்தது. புதிதாக வந்த அதிகாரி. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விரட்டியிருக்கிறான். அவள் வரிசையைப் பதினொன்றே முக்காலுக்கு இடித்திருக்கிறார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. லிஸ்டை மூடிக் கையெழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். தகரப் பெட்டியை மண்ணுக்கடியிலிருந்து எடுத்தாள். கார்டு நசுங்காமல் இருந்தது. இருந்து என்ன, இடிக்கும்போது ஆள் இல்லையே. இப்போது வீராயியின் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கிறாள். நாலு நாளாக இடித்தவர்களின் ஆபீஸ் வாசலில் நின்றதற்கு ஒரே ஒரு பதில் கிடைத்திருந்தது.

"வேலை செய்யற ஊட்டுல லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க சார். எத்தன மணிக்குச் சேதி வந்துச்சு, எத்தன மணிக்கு என்னிய அனுப்புனாங்கன்னு அதுல இருக்கோணுமாம். எம்மேல தப்பு இல்லீன்னு தெரிஞ்சா ரெண்டாவது லிஸ்டுல பேரு போடுவாங்களாம். இன்னிக்குத்தான் கடைசி." என்றாள். "வீராயி பதினொண்ணே காலுக்கு மேல வந்தேன்னு சொல்லுதுங்க. நான் எறங்கறப்ப பன்னெண்டு தாண்டிருச்சு. சண்டைக்குக் கேக்கலீங்க சார். நெசத்த எழுதுங்க. அது போதும்."

சேஷுவின் காது சூடாகிவிட்டது. அவள் குரலில் ஒரு துளிக் கோபமாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பார்.

"பாவம், நன்னா எழுதிக் குடுங்கோ" என்றாள் ஜலஜா சமையலறையிலிருந்து.

மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். டிராஃப்ட் எழுதுவதில் அவரை அடிக்க அமைச்சகத்தில் ஆள் கிடையாது. உண்மையை எழுதினால், தகவல் 11.20, அனுப்பியது 12.05. நடுவில் நாற்பத்தைந்து நிமிஷம் என்ன நடந்தது என்று எவனாவது ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவான். அந்தக் குறி ஃபைலாகும், ஃபைல் அவருடைய ஆபீசுக்கு வரும். ஐந்து மாதத்தில் பென்ஷன். தகவலே பன்னிரண்டுக்குத்தான் வந்தது என்று எழுதலாம். அவளுக்கும் நல்லது. ஆனால் வீராயி ஏற்கெனவே நேரத்தைச் சொல்லியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, அதற்கும் அவரைத்தான் கேட்பார்கள். மிச்சம் ஒரே வழிதான். அதனால் என்ன ஆகும் என்பது தெரிந்தே அதை எழுதினார். அழகான இங்கிலீஷில் நாலே வரி. மேற்படி பவுனு என்பவருக்கு 11.20 மணிக்குத் தகவல் கிடைத்தது. தகவல் கிடைத்த உடனேயே அவர் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கே சென்றார் என்பது கீழே கையொப்பமிட்டவருக்குத் தெரியாது. கேம்ப்புக்கு இருபது நிமிஷ நடை, இடிப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம். எந்தக் குமாஸ்தாவும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுக் கார்டைத் தூக்கி எறிந்துவிடுவான்.

கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து நீட்டினார். பவுனு ஈரக்கையைப் புடவையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நேரம் போட்டிருக்கீங்களா சார்?"

"போட்டிருக்கேன்."

"நெசமான நேரந்தானுங்களே?"

"பதினொண்ணு இருபதுன்னு தெளிவா போட்டிருக்கேன்" என்றார். அதில் பொய் இல்லை.

அவள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜலஜாவிடம் கழுவின பால் கவர் ஒன்று கேட்டு வாங்கி, வியர்வை படாமல் கடிதத்தை அதற்குள் நுழைத்து வாயை மடித்தாள். "வாரேன் மாமி. வாரேனுங்க சார், நல்லா இருப்பீங்க" என்றாள்.

சேஷு பால்கனியில் நின்றார். எதிரே பஸ் ஸ்டாப்பில் ஆபீஸ் நேரக் கூட்டம். பஸ் நிற்காமல் கொஞ்ச தூரம் போய் நின்றது, எல்லோரும் ஓடினார்கள். பவுனுவும் ஓடினாள். முட்டித் தள்ளுகிற ஆண்களுக்கு நடுவில் அவள் தலை மறைந்துபோனது. பால் கவரைப் பிடித்த கை மட்டும், கசங்கிவிடாமல் எல்லோருடைய தலைக்கும் மேலே நேராகத் தூக்கினபடி, பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.