இயந்திரத்தின் இடது கால்

காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை அவள் சலவைக் கூடத்தில் துணி மடிப்பவள். மீதி நேரமெல்லாம் பேனாவும் மையுமாகப் படம் வரைவதுதான். பென்சிலைத் தொடவே மாட்டாள். "அழிக்க வழி இருந்தா கண்ணு சோம்பேறி ஆயிடும்" என்பாள். வீட்டில் அவள் பேனாவுக்குத் தப்பியது எதுவுமில்லை. "மூக்கு மேல இருக்குற மருவையாவது விட்டிருக்கலாம்ல?" என்று பேருந்து ஓட்டும் கணவன் அலுத்துக்கொண்டால், "இருக்குறதைத்தானே போட முடியும்?" என்பாள்.

மூன்று வாரமாக அவளைப் பிடித்து ஆட்டியது, கூடத்தின் மூலையில் நின்ற, ஈரத்துணி பிழியும் பெரிய இயந்திரம். வேலை முடிந்ததும் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவாள். முடியளவு கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க அடுக்க, தாளில் இரும்பு கனத்துக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை படம் முடிந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு அதைக் கூடத்து மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"அடேங்கப்பா! கிரீஸ் வாசனைகூட வருதேம்மா!" என்றவர், விரலால் ஓரிடத்தைத் தொட்டார். "இந்த இடது கால்ல மட்டும் கை தவறிப்போச்சு போல. ஒரு கோடு தனியா ஓடுது."

அவளுக்குச் சுருக்கென்றது. "கை தவறலைண்ணே. அங்க இருந்துச்சு, போட்டேன்."

"தினமும் நான் துடைக்கிற மெஷின்மா அது."

"நீங்க நின்னுக்கிட்டுத் துடைக்கிறீங்க. நான் உட்கார்ந்து பார்க்குறேன்."

அந்த நேரம் இயந்திரம் நனைந்த போர்வைகளோடு தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். மண்டியிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து டார்ச் அடித்தார்.

விரிசல்! படத்தில் அது, காலை இறுக்கிப் பிடித்த போல்ட்டுக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றிருந்தது. "இந்த இடது காலை நீ என்னைக்குமா போட்டே?"

"திங்கக்கிழமை."

"மூணே நாள்ல போல்ட்டைத் தாண்டிடுச்சு." அவர் விரிசலின் முனையை விரலால் காட்டினார். "இன்னும் ரெண்டு தடவை ஓட்டியிருந்தா கால் பேர்ந்து மொத்தமும் நம்ம மேலதான் சாஞ்சிருக்கும்."

கூடமே அவளைச் சூழ்ந்துகொண்டது. படம் கைக்குக் கை தாவியது. இயந்திரம் செய்த கம்பெனிக்கு அதை அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். "நகல் எடுத்துக்கோங்க சார். இது என்கிட்டதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கணவன் சட்டென்று எழுந்துவிட்டான். "தினமும் அது பக்கத்துலயா உட்கார்ந்திருந்தே? பயமா இல்லையா உனக்கு?"

"அதை விடுங்க! நாளைக்கு அதைப் பிரிக்கிறாங்களாம். உள்ள இருக்குற பல்சக்கரம், தண்டு எல்லாம் வெளிய வருமாம்! திரும்பப் பூட்ட நாலு நாள் ஆகுமாம்!"

"அதனால?"

"நாலே நாள்தாங்க இருக்கு!" என்றபடி அவள் பெரிய அளவுத் தாளைத் தேடி பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.