மாமனாருக்கென்று மூடி வைத்த குடுவை

என் கணவர் ஆர்கிரிஸுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எங்கள் ஒயினை வாயில் வைத்துவிட்டு "ம்ம், நல்லாயிருக்கு" என்று ஒப்புக்குச் சொன்னால் போதும், மனிதருக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. திட்டினால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார். ஒப்புக்குப் புகழ்வதைத்தான் தாங்கமாட்டார். போன சனிக்கிழமை எங்கள் மானம் கப்பலேறியது அந்த வியாதியால்தான்.

அன்றைக்கு என் மாமனார் ஸ்தாத்திஸின் எலும்பெடுக்கும் நாள். அவர் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் சாமோஸ் தீவில் கல்லறைக்கு இடம் குறைவு, யாரும் அங்கே கடைசிவரை படுத்திருக்க முடியாது. எலும்பை எடுத்து, ஒயினால் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் வைத்து, கல்லறைக் கோயிலை ஒட்டிய எலும்பறையில் சேர்த்துவிடுவோம். கழுவுவதற்கு மற்ற வீடுகளில் கையில் கிடைத்த ஒயினை எடுத்துப்போவார்கள். என் மாமனார் அதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற ஆளா?

"கண்டவன் ஒயின்ல என்னைக் கழுவாதீங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன் கடைசி அறுவடையில், மலைமேல் தோட்டத்து மஸ்கட் திராட்சையை வெயிலில் காயப்போட்டு, தானே மிதித்து, பிரம்பு பின்னிய ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் நிரப்பினார். வாயை மெழுகால் அடைத்து, கழுத்தில் மாமியாரின் பழைய சிவப்புத் துணியைக் கட்டி, நிலவறை மூலையில் வைத்தார். அதை யாரும் தொடவில்லை. வீட்டில் ஒருவரும் அதில் ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை.

என் நாத்தனார் மிர்சினி பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்திருந்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு அவளால் வரமுடியவில்லை. அந்த வாரம் காற்று பேயாக அடித்து, கப்பலே ஓடவில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து அழுதவள் அவள். "அண்ணி, இதையாவது என் கையால செய்யணும்" என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் மெழுகுவர்த்தியும் அவித்த கோதுமைப் பிரசாதமும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே கல்லறைக்குக் கிளம்பினாள். "குடுவைய அண்ணன் தூக்கிட்டு வரட்டும். நீங்க கைய வைக்காதீங்க, உங்க இடுப்பு வேற சரியில்ல" என்றாள்.

அவள் தலை மறைந்ததும் போன் அடித்தது. ஏதென்ஸ்காரர் லீதா மேடம். பஸ்ஸில் ஆட்களை அழைத்துவந்து தீவைச் சுற்றிக் காட்டுகிற நிறுவனம் அவருடையது. ஹேரா கோயிலின் ஒற்றைத் தூண், மலையைக் குடைந்த அந்தக் காலத்துத் தண்ணீர்ச் சுரங்கம், ஒரு ஒயின் கூடம், கடைசியில் எங்கள் ஊர்க் கல்லறைக் கோயிலின் சுவர்ச் சித்திரங்கள் என்று வாராவாரம் வர ஏற்பாடு. எந்த ஒயின் கூடம் என்பதுதான் முடிவாகவில்லை. ருசி பார்க்கத் திங்கட்கிழமை வரவேண்டியவர், முன்னாலேயே தீவுக்கு வந்துவிட்டோம், இப்போதே வருகிறேன் என்றார்.

"வாங்க வாங்க" என்றார் என் கணவர்.

"இன்னைக்கா? அப்பாவோட நாள்ங்க இது."

"ஒரு மணி நேரம்டி. பாதிரியார் மதியம்தானே வர்றார்? இன்னைக்கு விட்டா பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க. அப்புறம் பஸ் அங்க நிக்கும். நம்ம வாசல்ல நாய்தான் நிக்கும்."

நாய்கூட நிற்காது என்று எனக்கும் தெரியும். போன கோடையில் நாங்கள் திறந்த ஒயின் கூடத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

லீதா மேடம் தன் ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கை நிறைய மோதிரம், கண் போனில். முதல் ஒயினைக் குடித்தார். "நல்லாயிருக்கு." அடுத்தது. "இதுவும் நல்லாயிருக்கு." இனிப்பு ஒயினை ஊற்றினோம். "நேத்து ஒரு இடத்துல குடிச்சோம். இதே மாதிரிதான் இருந்துச்சு" என்றார், போனைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

"இதே மாதிரியா?" என்றார் ஆர்கிரிஸ். நெற்றி நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். விறுவிறுவென்று நிலவறைக்கு இறங்கினார். பழைய பாட்டில் எதையோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மேலே வந்தபோது மார்போடு அணைத்திருந்தது சிவப்புத் துணி கட்டிய குடுவையை.

"ஏங்க!"

"ஒரே ஒரு கிளாஸ். எங்கப்பா இருந்தா அவரே ஊத்திக் குடுத்திருப்பார்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லி, கத்தியால் மெழுகைப் பெயர்த்தார்.

ஊற்றியதும் அறை முழுக்க வாசனை பரவியது. லீதா மேடம் போனை மேஜைமேல் கவிழ்த்துவைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார் செஞ்சது?"

"எங்கப்பா. இப்போ இல்ல."

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று இறந்தவர்களுக்குச் சொல்கிற முறைப்படி சொல்லிக் கிளாஸை உயர்த்தினார். எல்லாரும் சொன்னார்கள். ஒரு கிளாஸ் இரண்டாயிற்று. யாரோ சீஸ் கேட்டார்கள். கொண்டுவந்து வைத்தவள் நான்தான். தடுத்திருக்கலாம். குடுவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் லீதா மேடம் சிரிக்கச் சிரிக்க என் கண்ணில் பஸ்தான் தெரிந்தது. ஆர்கிரிஸ் கல்யாண வீட்டில் பரிமாறுவதுபோல ஊற்றிக்கொண்டே போனார். அவர் மட்டும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அது என்ன நியாயமோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

அவர்கள் கிளம்பியபோது குடுவையைக் கவிழ்த்தால் மேஜையில் ஒரு பொட்டு விழும், அவ்வளவுதான் மிச்சம்.

"இப்போ என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

எஃகுத் தொட்டியிலிருந்து இந்த வருஷத்து ஒயினைப் பிடித்தார். புனலைப் பிடித்துக்கொண்டது நான். மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்தார். துணியை நான் கட்டினேன். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு வேலையை இத்தனை கச்சிதமாகச் செய்தது அன்றைக்குத்தான்.

கல்லறையில் எலும்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தார்கள். "தேன் நிறத்துல இருக்கு பாரு. நல்ல மனுஷன்" என்று ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மிர்சினி எங்களைப் பார்த்ததும் எழுந்தோடி வந்து குடுவையை வாங்கிக்கொண்டாள். மெழுகைத் தானே நகத்தால் கீறி எடுத்தாள். முகர்ந்தாள்.

"அண்ணி, மோந்து பாருங்களேன். அப்பா சட்டைல வருமே, அதே வாசனை!"

"ஆமாம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

பாதிரியார் தீமியோஸ் ஜெபம் சொல்லி, மண்டையோட்டின் மேல் சிலுவைக் குறியாக ஒயினை ஊற்றினார். மிச்சத்தைத் தாம்பாளத்தில் ஊற்றி மிர்சினி ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் கழுவினாள், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. "பாத்தியாப்பா, உன் ஒயின்தான். கண்டவன் ஒயின் இல்ல" என்று பேசிக்கொண்டே கழுவினாள். ஆர்கிரிஸின் காது சிவந்திருந்தது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பக்கத்திலேயே தோண்டிய குழியும் இருந்தது.

அப்போதுதான் வாசற்கதவு கிறீச்சிட்டது. சுவர்ச் சித்திரம் பார்க்க லீதா மேடத்தின் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்களைப் பார்த்ததும் சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். ஏதென்ஸ்காரர்கள் என்றாலும் இதெல்லாம் தெரிந்தவர்கள்தான். லீதா மேடம் மட்டும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்ல என் கணவரை நோக்கி வந்தார். வழியில் குடுவையைப் பார்த்தார்.

"அட, காலையில நாம காலி பண்ணின குடுவை மாதிரியே இருக்கே. இன்னொண்ணும் வச்சிருந்தாரா உங்கப்பா?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கை வாய்க்குப் போனது. பாதிரியார் தீமியோஸுக்குக் கோபம் வந்தால் இருமல் வரும். இருமினார்.

மிர்சினியின் கை தாம்பாளத்திலேயே நின்றது. அண்ணனைப் பார்த்தாள். அவர் சைப்ரஸ் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எப்படி இருந்துச்சு?" என்று லீதா மேடத்தைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா... சத்தியமா இதுக்குன்னு வச்சதுன்னு யாரும் சொல்லல..."

"உங்க மேல குத்தம் சொல்லல. எங்க வீட்ல யாரும் அதைக் குடிச்சதில்ல. அதான் கேக்கறேன். எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

லீதா மேடம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். "முதல்ல நல்ல இனிப்பு. அத்திப்பழம் மாதிரி. அப்புறம் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசா ஒரு கசப்பு."

"கசப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரொம்ப நேரம் வாயைவிட்டுப் போகல."

"அது எங்கப்பாதான்" என்று மிர்சினி சிரித்தாள். கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது.

ஆர்கிரிஸ் தாம்பாளத்தை எடுக்கக் குனிந்தார். "மிர்சினி, நான் வந்து..."

"நீ அங்கயே நில்லுண்ணே."

தாம்பாளத்து ஒயினை மண்ணில் கொட்டினாள். குழாயில் தண்ணீர் பிடித்து வந்து லீதா மேடத்தின் முன்னால் வைத்தாள். "எங்கப்பா ஒயின் இப்போ உங்ககிட்டதான் இருக்கு. அதனால நீங்க கழுவுங்க."

லீதா மேடம் மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்த வெள்ளைக் கால்சட்டையோடு மண்ணில் மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து மண்டியிட்டார்கள். முன்பின் தெரியாத ஏதென்ஸ்காரர்கள் என் மாமனாரின் எலும்பைக் கழுவினார்கள். பெற்ற பிள்ளையும் மருமகளும் சுவரோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். ஊரே எங்களைப் பார்த்தது.

உலர்ந்ததும் பெட்டியில் வைத்தார்கள். பெட்டியை மகன்தான் தூக்கவேண்டும். மிர்சினி தரமாட்டாள் என்று நினைத்தேன். கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தாள். "கீழ போடாம கொண்டுபோ. இதையாவது" என்றாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தோள் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் நடந்தார்.

பின்னால் வந்த லீதா மேடம் என் பக்கத்தில் நெருங்கினார். "பஸ்ஸை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா வேண்டாமா? எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் மிர்சினி மெழுகுவர்த்தியோடு போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமையா இருந்தா எங்களுக்குத் தோது" என்றேன்.