ஆளுக்கு ஓரடி குறைந்த வீடு

விலைக்குக் கேட்டு ஆள் வந்தால் அந்த வீடு அகலத்தில் ஓரடி குறைந்துவிடும். முதலில் வந்தவர் வங்கிக் குமாஸ்தா. பத்திரத்தில் இருபத்திரண்டு அடி, தரகரின் டேப்பில் இருபத்தொன்று. "அண்ணே, ஓரடிய எங்க முழுங்குனீங்க?" என்று தரகர் சிரிக்க, வீட்டுக்காரர் டேப்பைத் திட்டினார். அடுத்து மருந்துக்கடைக்காரர் வந்தபோது இருபது. நில அளவையர் மூன்று முறை அளந்து, 'வீடு சுருங்கும் சுபாவமுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துப் போனார். பக்கத்து வீடுகள் இரண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. ஒரு விரிசல்கூட விழவில்லை.

காரணம் தையல்காரிக்குத் தெரியும். பதினோரு வருடம் அங்கே வாடகைக்கு இருந்தவள் அவள். ஒழுகிய கூரையைத் தானே அடைத்தாள், சாக்கடையைத் தானே தோண்டினாள். எல்லாம் வீட்டுக்காரரின் ஒரே வாக்கை நம்பி: "வித்தா உனக்குத்தாம்மா, வேற யாருக்கும் கிடையாது." பிறகு ஒருநாள், தன் மகள் குடிவரப் போகிறாள், காலி பண்ணு என்றார். பெற்ற மகளுக்கு இல்லாததா என்று அவளும் மூட்டை கட்டினாள். சாவி கொடுக்கப் போன அன்றே வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊசிப்பெட்டியை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய், இஞ்ச் டேப்பால் அறை அறையாக அளந்து, அளவு நோட்டில் எழுதி, ஓரத்தில் 'பிடிக்கணும்' என்று குறித்துக்கொண்டாள். தொளதொள ஜாக்கெட்டுக்கு எழுதுகிற அதே குறிப்புதான். அதன்பின் யார் வீடு பார்க்க வந்தாலும், அடுத்த தெருவிலிருந்த தன் ஒற்றை அறையில் மெஷினுக்கு நூல் கோத்து, துணியே இல்லாமல் ஒரு தையல் போடுவாள்.

ஏழு வருடம் இப்படியே போனது. வாடகைக்காவது விடலாம் என்று வீட்டுக்காரர் பார்த்தார். குடிவந்த புதுத் தம்பதி, ஒருக்களித்துத்தான் படுக்க முடிகிறது என்று மூன்றாம் நாளே ஓடிப்போனார்கள். மூன்றடி மிச்சமிருந்தபோது, ஆள் வரும் நாளிலெல்லாம் அவள் துணியில்லாமல் தைப்பதை யாரோ சொல்லக் கேட்டு, அவர் தையல்காரியின் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் பிரிச்சு விடும்மா."

"மக வர்றான்னு சொன்னது பச்சைப் பொய்னு நடுத்தெருவுல நின்னு சொல்லுங்க, பார்க்கலாம்."

சொன்னார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார், பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிக் கேட்டார். தையல்காரிக்கு வயிறு குளிர்ந்தது. இரக்கம் மட்டும் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை.

"இப்பப் பிரிச்சு விடுவியாம்மா?"

"எப்படிண்ணே பிரிக்கிறது? உள்ள மடிச்சு விட்டிருந்தா பிரிக்கலாம். நான் ஒட்ட வெட்டிட்டேனே!"

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டார். அவள் கதவை அகலத் திறந்து காட்டினாள். ஒற்றை அறைக்குப் பின்னால் அவருடைய கூடம், சமையலறை, இரண்டு ஜன்னல், எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த அறையின் சொந்தக்காரியம்மா ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டு, வாசக்கதவு ஒன்றுதானே என்று பழைய வாடகையையே வாங்கிக்கொண்டு போயிருந்தார். வெட்டின மிச்சம் தைக்கிறவளுக்கு என்பது ஊரறிந்த வழக்கம், அதனால் வீட்டுக்காரர் தேடிப்போன வக்கீல் வழக்குக் கட்டைத் தொடவே மறுத்துவிட்டார். மூன்றடிக்கு வீட்டுக்காரர் இன்றும் இருபத்திரண்டு அடிக்கான வரியைக் கட்டி வருகிறார்.