இரும்புக் கிடாவும் ஹோய்ட்டின் சாம்பலும்

ஹோய்ட் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை மொன்டானா மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் மாதாமாதம் இரும்புத் தகட்டில் வெட்டிய பறவை, மிருக உருவங்களை வரிசையாக நிறுத்திச் சுடுவோம். கோழி, பன்றி, வான்கோழி எல்லாம் அவன் குண்டுக்கு விழும். இருநூறு மீட்டரில் நிற்கும் ஆட்டுக்கிடா மட்டும் அவன் சாகும்வரை விழவில்லை.

குற்றம் துப்பாக்கிமேல். கீழே லிவரைத் தள்ளி இழுத்துச் சுடுகிற பழைய சாமான். அதன் குழலுக்குள் சுற்றி ஓடும் பள்ளங்கள் நகக்கீறல் ஆழம்தான். செம்பு உறை போட்ட கடைக் குண்டுக்கு அது போதும். ஹோய்ட்டோ வீட்டில் ஈயம் உருக்கித் தானே வார்த்த குண்டைத்தான் போடுவான்; கடையில் வாங்குவது அவனுக்கு மானக்கேடு. மெத்தென்ற ஈயம் அந்தப் பள்ளத்தில் பிடி கிடைக்காமல் வழுக்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். ஆழமான பள்ளம் உள்ள குழலாக மாற்றித் தருகிறேன் என்று, துப்பாக்கி ரிப்பேர் செய்தே தலை நரைத்த நான் தொண்டை கிழியச் சொன்னேன். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, கிடாதான் நகர்கிறது என்றான் அந்தப் புண்ணியவான்.

போன இலையுதிர் காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். கொஞ்ச நாளில் அவன் மனைவி வெர்னா ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் அவன் சாம்பலுமாக என் பட்டறைக்கு வந்தாள். சாம்பலை ஈயத்தில் கலந்து குண்டு வார்த்து அந்தக் கிடாவை விழவைக்க வேண்டுமாம். அதுதான் அவன் கடைசி ஆசை. அதை நிறைவேற்றாமல் தனக்குத் தூக்கம் வராது என்றாள்.

"குழலை மாத்திடு, கெர்ட். இப்ப சண்டைக்கு வர அவன் இல்ல."

பழைய குழல் லேசில் கழன்றதா? எண்ணெய் ஊற்றினேன், சூடு காட்டினேன், ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகித் தொங்கினேன். ஹோய்ட்டே உள்ளே உட்கார்ந்து மரையைப் பிடித்திருக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருவழியாகப் புதுக் குழலை லேத்தில் கடைந்து பொருத்தி, அவன் வார்த்து வைத்திருந்த பழைய குண்டுகளாலேயே சுட்டுப் பார்த்தேன். துளைமேல் துளையாக விழுந்தது. இதைத்தானே அந்த மடையனிடம் படித்துப் படித்துச் சொன்னேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு அவள் வீட்டுக் கொட்டகையில் ஈயம் உருக்கினோம். சாம்பலை முழுக்கக் கொட்டி, அழுக்குப் பிரிவதற்காக வழக்கம்போல் மெழுகுத் துண்டு போட்டுக் கிளறினாள். கசடு மேலே மிதந்து வந்தது. ஈயம் வார்க்கிறவர்களுக்குக் கசடைக் கண்டால் கை சும்மா இருக்காது. வெர்னா கரண்டியால் சுத்தமாக வழித்துக் கசடு டப்பாவில் தட்டினாள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது பார் என்று நான் வேறு காட்டிக்கொடுத்தேன். அதையும் எடுத்தாள்.

சில குண்டுகள் வார்த்த பிறகுதான் அவள் கை நின்றது.

"கெர்ட், நாம எதை வழிச்சுப் போட்டோம்?"

டப்பா நிறையப் பல வருஷத்துக் கசடு. அதில் ஹோய்ட் எது என்று யார் பிரிப்பது? மேலாக அள்ளி மறுபடி ஈயத்தில் போட்டோம். மிதந்தான். கரண்டியால் அமுக்கினோம். அப்போதும் மிதந்தான்.

"உசுரோட இருந்தப்பவும் எதுலயும் ஒட்ட மாட்டான்," என்றாள் வெர்னா. வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவனை மறுபடி வழித்து டப்பாவிலேயே போட்டாள். வெளியில் மூச்சு விடக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தோம்.

போட்டியன்று சங்கத் தலைவர் லாயல் தொப்பியைக் கழற்றி, குண்டில் இருப்பது நம் ஹோய்ட், இப்போது சுடப்போவதும் அவன்தான் என்று அறிவித்தார். வெர்னா நின்றபடியே குறிபார்த்துச் சுட்டாள். கிடா ணங்கென்று மல்லாந்தது. மாடு மேய்க்கிற முரட்டு ஆம்பளைகளெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். லாயல் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்.

"கடைசில சாதிச்சுட்டான்மா உன் புருஷன்."

வெர்னாவின் முகம் செத்துப்போனது. என் காதோரம் குனிந்தாள்.

"அவன் இல்லாததாலதான் பட்டிருக்கு, கெர்ட்."

வரிசையில் அடுத்த கிடா நின்றிருந்தது. லிவரைத் தள்ளி இழுத்து, நிதானமாகக் குறிபார்த்தாள். குண்டு எங்கோ தள்ளி, மலைச்சரிவில் புழுதியைக் கிளப்பியது. கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் பொருத்திய குழல் தானாக அவ்வளவு தூரம் தவறாது. துப்பாக்கியை இறக்கியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"இது ஹோய்ட் சுட்டது," என்றாள்.