சொல்லாமல் வராதவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டுத் தொட்டியில் பதினெட்டுப் படுக்கை விரிப்புகள் ஊறிக் கிடந்தன. துவைப்பது காஜாக்காவின் வேலை. சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் உட்கார்ந்தே நாற்பதைத் தாண்டியதால் வந்த பெயர் அது. வாரத்தின் ஒரே ஓய்வு நாளை, புருஷன் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் தங்கும் இந்த வீட்டுக்கு இரண்டு வருடமாகக் கொடுத்துவந்தாள். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே பார்த்த முகத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று பொறுப்பாளரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

விரிப்பைப் பிழிய, மறுமுனையைப் பிடிக்க ஒரு கை நீண்டது. இன்னொரு கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. நிமிர்ந்து பார்த்த காஜாக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய கம்பெனியில் பேக்கிங் மேஜையில் நிற்கிறவள். லைன் சூப்பர்வைசரின் மனைவி. காஜாக்காவும் அவளும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். போன மாதம் கன்னம் வீங்கியிருந்தபோது பல்வலி என்றாள். காஜாக்காவும் நம்பி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

இருவருமாக விரிப்பை முறுக்கிப் பிழிந்தார்கள்.

"வேலையை நினைச்சாதான்க்கா பயமா இருக்கு," என்றாள் அவள். "பதினோரு வருஷம். அதுவும் போச்சுன்னா திரும்ப அவர்கிட்டதான் போய் நிக்கணும்."

சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். லீவு லெட்டர் எதுவானாலும் லைன் சூப்பர்வைசர் கையெழுத்தோடுதான் ஆபீசுக்குப் போகும். தானே நேராக மேனேஜரிடம் கொடுப்பதாகக் காஜாக்கா சொல்லிப் பார்த்தாள். பொறுப்பாளரம்மா சம்மதிக்கவில்லை. காஜாக்கா கையால் லெட்டர் போனால், மறுநாளே அந்தப் புருஷன் காஜாக்கா பின்னாலேயே இந்த வாசலுக்கு வந்துவிடுவான் என்றார். இந்த வீட்டுக்கு உதவுகிற வக்கீல் கம்பெனிக்கு எழுதுவார், ஆனால் அவர் வெளியூரிலிருந்து திரும்ப வியாழன் ஆகும்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் சவரம் செய்யாத முகத்தோடு வந்தான். மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பிறகு அவன் மெஷின் மெஷினாக விசாரித்துக்கொண்டே வந்தான்.

"நீங்க அவகூடத்தானே சாப்பிடுவீங்க. எங்க போறேன்னு ஏதாவது சொன்னாளாக்கா?"

குரல் தழுதழுத்தது. கண்ணும் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"பல்வலின்னு ஒருதடவை சொன்னா," என்றாள் காஜாக்கா. "வேற ஒண்ணும் சொல்லலை."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தான். காஜாக்கா குனிந்து பார்த்தபோது, மெஷினில் இருந்த சட்டைக் காலரின் நட்டநடுவில் துளை விழுந்திருந்தது.

வியாழக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் தொங்கின. காணாமல் போன மனைவியைத் தேட சூப்பர்வைசருக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தகவல் இல்லாமல் மூன்று நாள் வராத பேக்கிங் தொழிலாளி வேலையிலிருந்து நீக்கம். இரண்டாவது தாளின் அடியில், லைன் சூப்பர்வைசர் என்ற இடத்தில், அவனுடைய கையெழுத்து இருந்தது.

"பாவம், நல்ல மனுஷன்," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

காஜாக்கா மெஷினுக்குப் போனாள். எதிரே பேக்கிங் மேஜையில் ஒரு புதுப் பெண், தன் உயரத்துக்குப் பொருந்தாத ஏப்ரனை இரண்டு மடிப்பாக மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.