வீட்டில் தமிழ் வேண்டாம்

டினுஷிகா பால் கேட்டு முதன்முதலில் சொன்ன சொல் "பாலு". அதைக் கேட்டதும் அவள் அப்பா கிருஷாந்த், அம்மா விஜயகலாவின் கன்னத்தில் அறைந்தான்.

"புள்ளகிட்ட தமிழ் பேசாதன்னு சொன்னேன்ல? சிங்களத்துல பேசு. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு இரு."

தெரணியகலை டவுனில் ஹார்ட்வெயார் கடையில் நிற்பவன் அவன். தன் சிங்களத்தில் தமிழ் வாடை அடிக்கிறதென்று சின்ன வயதிலிருந்தே கேலிக்கு ஆளானவன். பிள்ளையைச் சிங்கள ஸ்கூலில் சேர்க்க வேண்டும், அவளைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது என்பது அவன் பிடிவாதம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் விட்டால் தமிழ் ஒட்டிக்கொள்ளும் என்று, விஜயகலாவைக் கொழுந்தெடுக்கப் போகாமல் நிறுத்திவிட்டான்.

விஜயகலா மஸ்கெலியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் பாணும் பருப்பும் வாங்கத்தான் போதும். அதையும் அவன் பேசிக்காட்டிச் சிரித்தான். அறை வாங்கிய பிறகு, அவன் இல்லாத நேரத்திலும் அவளுக்குப் பயம். எதைச் சொன்னாலும் பிள்ளை பிடித்துக்கொண்டு அவன் முன்னால் சொல்லிவிடுமே! பேசாமலே குளிப்பாட்டினாள். பேசாமலே சோறூட்டினாள். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தது. "பாலு"கூட மறந்து போயிருந்தது.

மிட்வைஃப் சொல்லி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் றிப்தா மிஸ் பிள்ளையோடு நெடுநேரம் விளையாடிப் பார்த்தார். காதில் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை என்றார்.

"வீட்டுல யாரு புள்ளயோட கதைக்கிற?"

விஜயகலா புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்லா வாற பாஷையில கதைங்க. குளிக்க வைக்கக்குள்ள தண்ணி, சவுக்காரம்னு சொல்லுங்க. அவ கையைக் காட்டினா பேரைச் சொல்லிட்டு, அவ சொல்லுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருங்க. ஒரு பாஷை ஊன்றினா மத்தது லேசா வரும்."

"சரி மிஸ்" என்று தலையாட்டிய கிருஷாந்த், பஸ் ஹோல்டில் காறித் துப்பினான். "அந்த மிஸ்ஸுக்கென்ன, ரெண்டு பாஷையும் தெரியும். வீட்டுல தமிழ் வேணாம்."

ஆனால் விஜயகலா இந்த முறை பயத்தை விழுங்கிக்கொண்டாள். அவன் வேலைக்குப் போனதும் பேச ஆரம்பித்தாள். அரிசி களைந்தபடி பேசினாள், துணி அலசியபடி பேசினாள். பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாசிப் பனி முடிவதற்குள் பிள்ளையிடமிருந்து தண்ணி வந்தது, பூனை வந்தது, மழை வந்தது. ஒருநாள் "அம்மா, இங்க வா" என்றாள். விஜயகலா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் கிருஷாந்த் உள்ளே வந்ததும் டினுஷிகா பாயிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா, தண்ணி."

அவனை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் கப்பில் தண்ணீர் ஊற்றி எட்டாத உயரத்தில் பிடித்து, தண்ணியைச் சிங்களத்தில் சொல்லிக் கேட்கச் சொன்னான்.

"வத்துர. வத்துர கியன்ன."

"தண்ணி" என்று பிள்ளை கை நீட்டினாள்.

அவன் அதைத் தானே குடித்தான். மறுபடியும் ஊற்றினான். "வத்துர!"

பறிக்க வந்த விஜயகலாவை முழங்கையால் இடித்துத் தள்ளினான். பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் தண்ணீர் கொடுத்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் அவளை நிவித்திகலவில் இருக்கும் தன் அக்கா புஷ்பமலர் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அந்த வீட்டில் சிங்களம் மட்டுந்தான். விஜயகலா கெஞ்சிக் கெஞ்சி, ஆறேழு மாதம் கழித்து ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் பார்க்கப் போனாள்.

டினுஷிகா கடகடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டு, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். விஜயகலாவுக்கு அதில் 'போக' என்கிற 'யன்ன' மட்டும் புரிந்தது.

"என்னா சொல்றா அண்ணி?"

"நீ எப்ப போவன்னு கேக்குறா" என்று சிரித்தாள் புஷ்பமலர்.

விஜயகலா எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில், தோட்டத்துக்குத் துணி விற்க வரும் ஸைனம்பு இருந்தாள்; "ஏன் மகள் அழுற?" என்று கேட்டாள். விஜயகலா காதில் நின்ற சத்தத்தை அப்படியே சொன்னாள்.

"மாவத் எக்கங் யன்ன."

"என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னுதானே புள்ள சொல்லியிருக்கு" என்றாள் ஸைனம்பு.

விஜயகலா அடுத்த ஹோல்டில் இறங்கி, மழையில் திரும்பி ஓடினாள். கேட் பூட்டியிருந்தது.

"டினு! அம்மா ஒன்னைய கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்டி!"

பிள்ளை ஜன்னலுக்கு வந்தாள். அம்மாவின் வாயையே பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் உள்பக்கம் திரும்பி அத்தையிடம் ஏதோ கேட்டாள். அத்தை என்ன பதில் சொன்னாளோ, பிள்ளை அம்மாவுக்கு டாட்டா காட்டினாள்.

ஜன்னல் சாத்தப்பட்டது. உள்ளே டீவி சத்தம் கூடியது.