காற்றின் கண்

ஸ்பீக்கரைப் போட்டு போனை டாக்டரின் மேசைமேல் வைத்தபோது, அந்த முனையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் அறை முழுவதும் நிறைந்தது.

"அம்மா, குழாயை மூடு. டாக்டர் ரூம்லேருந்து பேசறேன்."

"மூடிட்டேன். சொல்லு பாப்பா."

பாப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. மாடிப்படி ஏறும்போதே அந்த வாக்கியத்தைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அப்பாவின் மூளை ஆறு நாளாக எதற்கும் பதில் தரவில்லை. ஓடுகிற மூச்சு மெஷினுடையதுதான். நிறுத்துவதென்றால் மனைவியின் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், பதிவு செய்துகொள்வோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா முதல் நாள் வந்து பார்த்ததோடு சரி. முழங்கால் வீங்கிவிட்டது. மெஷின் வைத்தது அதற்குப் பிறகு.

"அம்மா, அந்த வென்டிலேட்டரை எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

அந்தப் பக்கம் மூடிய குழாய் மட்டும் சொட்டியது.

"கேட்டுட்டாங்களா? இதுதான் சமயம்னு பாத்திருப்பாங்க. ஒரு வருஷமா மல்லுக்கட்டினாரு மனுஷன். போதும். எடுத்துடச் சொல்லு. எனக்குத் தெம்பு இல்ல."

டாக்டர் தலையசைத்தார். ஃபைலைப் புரட்டினார். "ஒரு வருஷமா கஷ்டப்பட்டாரா? இதுல இல்லையே."

அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. அம்மா சொன்னது வேறு வென்டிலேட்டரை.

அப்பா அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவர். இங்கிலீஷ் வார்த்தை எதைக் கொடுத்தாலும் அதன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுவார். மகன் சின்ன வயதில் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினால், "மஸில்னா சுண்டெலிடா. தோலுக்கடியில ஓடுது பாரு" என்பார். கம்பெனி என்றால் சேர்ந்து ரொட்டி தின்கிறவர்கள். அந்தக் கணக்கில் தன் முதலாளி கம்பெனியே நடத்தவில்லை, ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை என்பார். கமிட்டி என்றால் கம்மென்று உட்கார்ந்திருப்பவர்கள். இதில் எது நிஜம், எது கைச்சரக்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றையும் ஒரே முகத்தோடுதான் சொல்வார். அம்மா மூன்றையும் ஒரே காதால் கேட்டு மறு காதால் விட்டுவிடுவாள்.

வீட்டு முன்னறையில், எட்டடி உயரத்தில், சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதற்குப் பெயர் வென்டிலேட்டர். அதன் வழியே தன் மாடிப்படி தெரிகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரரின் புகார். ஐந்தடி நாலு அங்குல அப்பா அதில் எட்டிப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு அப்பாவின் தோளில் ஏறி நிற்க வேண்டும். "அந்த வென்டிலேட்டரை எடுத்துடுங்க" என்று பல்லைப் பிடுங்கச் சொல்வதுபோல் அவர் வாரம் ஒரு தடவை வந்து நிற்பார். "ஓட்டையை எப்படிய்யா எடுக்கறது? எடுத்து எங்க வைக்கறது?" என்று அப்பா கேட்பார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கொத்தனாரையே அழைத்து வந்துவிட்டார். அப்பா அந்த ஆளை உட்கார வைத்தார்.

"விண்டோன்னா என்னன்னு நினைச்சே? காத்தோட கண்ணு. அந்த வார்த்தைக்கு அதான் அர்த்தம். வென்டிலேட்டர் அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, அதுவும் காத்துதான். கண்ணை மூடறது ஆள் போனப்புறம் செய்யற வேலை. நான் இன்னும் இருக்கேனே."

கொத்தனார் செங்கல்லைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். மறுவாரம் தானாக வந்து, "சிமென்ட்டுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டார்.

"கொத்தின கல்லுச் சில்லு. உன் பேருதான்யா அது."

அதிலிருந்து அந்தத் தெருவில் அப்பாவுக்கு வணக்கம் சொல்கிற ஒரே ஆள் கொத்தனார்தான்.

"அம்மா," என்றாள் மகள் போனைப் பார்த்து.

"என்ன பாப்பா?"

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இன்னொரு தடவை கேட்கலாம். மெஷின் என்ற வார்த்தையைப் போட்டு, தொண்டை, குழாய், மூச்சு என்று எல்லாவற்றையும் போட்டுக் கேட்கலாம். அம்மா வேண்டாம் என்பாள். ஏழாவது நாள் வரும், எட்டாவது நாள் வரும். அல்லது சரி என்பாள். பிறகு எத்தனை வருடம் இருப்பாளோ, அத்தனை வருடமும் அந்தச் சரி அவளோடு இருக்கும்.

"ஒண்ணுமில்ல. சாப்ட்டியா?"

"சாப்பிடணும்."

போனை அணைத்தாள். "ஆமா டாக்டர். ஒரு வருஷமா கஷ்டப்பட்டாரு."

குழாயை எடுத்தபின் அப்பா நாற்பது நிமிடம் இருந்தார். மகள் அவர் புஜத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோல்தான் இருந்தது. சுண்டெலி எப்போதோ ஓடிவிட்டிருந்தது. கடைசியில் தொண்டையிலிருந்து தண்ணீர் வராத குழாயைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. நர்ஸ் மணி பார்த்தாள். மகள் மறுபடி போன் போட்டாள்.

"அப்பா போயிட்டாரும்மா."

"எப்போ?"

"பதினொண்ணு நாப்பதுக்கு."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. "தானாவா?"

"தானா."

மூன்று மணிக்கு வண்டியில் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். மகளுக்கு முதலில் கேட்டது அழுகை அல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் சாந்துக் கரண்டி உரசும் சத்தம். நிமிர்ந்தாள். ஓட்டையில் பாதிக்குமேல் செங்கல் ஏறியிருந்தது. மீதியின் வழியாக விழுந்த வெயில் அப்பாவின் மார்பில் கிடந்தது.

"நீ போன் பண்ணதும் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட மதில் வழியா சொல்லிட்டேன்," என்றாள் அம்மா. "உடனே ஆளை ஏத்திட்டான். அதுக்கப்புறம்தான் நீ மறுபடி பண்ணே. யாரு போய் நிறுத்தறது? நடக்கவா முடியுது என்னால."

அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, ஈரத்துணியால் அப்பாவின் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பசையைத் துடைத்தாள். அது சீக்கிரம் போகவில்லை.

லாரி ஓட்டும் தம்பி நாலு மணிக்கு வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் கேட்டான்.

"வென்டிலேட்டரை எடுத்தப்புறம் எவ்ளோ நேரம்க்கா இருந்தாரு?"

அம்மாவின் துணி நின்றது.

"எதை எடுத்தப்புறம்?"

"வென்டிலேட்டர்மா. மூச்சு விட வைக்கற மெஷின். நீதானே எடுத்துடலாம்னு சொன்னே? அக்கா போன்ல சொன்னாளே."

மகள் தரையைப் பார்த்தாள். தரையில் நாலைந்து சிமென்ட் துளிகள் தெறித்திருந்தன. அவற்றை எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். அம்மா தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நிமிராமலே தெரிந்தது. அப்புறம் அந்தப் பார்வை மெல்ல மேலே ஏறி, சுவருக்குப் போனது.

"கொத்தனாரே."

கரண்டி நின்றது. மிச்சமிருந்த சந்தில் ஒரு கண் வந்தது.

"சொல்லுங்கம்மா. இன்னும் ஒரு கல்லுதான்."

"அதை வைக்க வேணாம்."

"ஒரு கல்லு இடம் விட்டா பாக்கறதுக்கு நல்லா இருக்காதும்மா. குருவி பூந்துடும்."

"பூந்துட்டுப் போவுது."

கண் கீழே இறங்கிக் கட்டிலைப் பார்த்தது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விலகியது. ஏணிப்படியில் ஒவ்வொரு காலாக இறங்குவது கேட்டது.

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னாச்சு?"

அந்த ஒரு கல் அளவு வெயில் மெதுவாக ஏறி, கழுத்தைத் தாண்டி, மோவாயைத் தாண்டி, அப்பாவின் மூடிய இமைகள்மேல் வந்து நின்றது.

"கண்ணு கூசும்," என்றாள் அம்மா.

தலையணையின் ஒரு முனையைப் பிடித்தாள். ஒரு ஆளால் நகர்த்த முடியவில்லை. கையை எடுக்காமல் காத்திருந்தாள். மகள் எழுந்து வந்து மறு முனையைப் பிடித்தாள்.